மூன்று வாரம் தள்ளிப்போன மழை: தென் அமேசானில் பருவம் மாறும் விதம்

பிரேசிலின் ரோண்டோனியா, மாட்டோ குரோசோ மாநிலங்களில் செப்டம்பர் வந்தால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். ஏப்ரல், மே வாக்கில் அடங்கிய மழை திரும்ப வரவேண்டிய நேரம் அது. சோயா விதைப்பவர், மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர், மடெய்ரா ஆற்றில் சரக்குப் படகு ஓட்டுபவர் எல்லோருக்கும் அந்த ஆண்டின் கணக்கு முதல் நல்ல மழை எந்த வாரம் விழுகிறது என்பதில்தான் தொடங்குகிறது. அந்த வாரம் நகர்ந்துகொண்டே போகிறது.

காலநிலை ஆய்வாளர் ரோங் ஃபூ தலைமையிலான குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு, தென் அமேசானில் வறண்ட பருவம் 1979 முதல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 6.5 நாள் வீதம் நீண்டு வந்திருப்பதாகக் கணக்கிட்டது. பிழை வரம்பு இரண்டரை நாள். மூன்று பத்தாண்டுக்குச் சேர்த்தால் மூன்று வாரத்தைத் தொடுகிறது. நீட்சியின் பெரும்பகுதி பருவத்தின் கடைசி முனையில் இருக்கிறது. அதாவது மழை சீக்கிரம் நின்றுவிடுவதைவிட, தாமதமாகத் திரும்புவதுதான் முக்கிய மாற்றம்.

ஆண்டு மொத்த மழையை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது. ஆண்டுக்கு 1825 மி.மீ. பெய்யும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். வறட்சி முடிந்து மழை சூடுபிடிக்கும் நாட்களில் சராசரி ஒரு நாளைக்கு 3 மி.மீ. என்று வைத்தால், 20 நாள் தாமதத்தில் இழப்பது 60 மி.மீ. மொத்தத்தில் அது மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இயல்பாக வரும் வித்தியாசமே இதைவிடப் பெரிது. ஜனவரியில் இரண்டு பெருமழை கூடுதலாகக் கொட்டினால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் செப்டம்பரில் காய்ந்து நிற்கும் மரத்துக்கு ஜனவரி மழை உதவாது. வெப்பமண்டலக் காடுகளின் மழை பற்றிய பேச்சு பெரும்பாலும் மொத்தத்தைச் சுற்றியே நடப்பது இதனால்தான் ஏமாற்றுகிறது. பார்க்கவேண்டியது தேதியை.

தொடங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிக்க இந்திய வானிலைத் துறைக்கு எழுதிவைத்த விதி உண்டு. மே 10க்குப் பிறகு, குறிப்பிட்ட 14 நிலையங்களில் 60 சதவீதம் தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பதிவு செய்யவேண்டும். காற்றின் ஆழமும் வேகமும், மேகமூட்டத்தைக் காட்டும் கதிர்வீச்சு அளவும் பொருந்தவேண்டும். அங்கே காற்றே திசை மாறி ஒரு சுவர்போல வந்து மோதுவதால் இப்படி ஒரு விதி வேலை செய்கிறது. அமேசானில் அந்த வசதி இல்லை. ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்துதான் காற்று. வறண்ட பருவத்திலும் இடையிடையே இடிமழை பெய்யும். ஆகவே ஒரு நாள் மழையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

காலநிலை ஆய்வாளர்கள் லீப்மன், மரெங்கோ இருவரும் 2001இல் பயன்படுத்திய முறை எளிமையானது. மழைமானிப் பதிவேடும் ஒரு தாளும் இருந்தால் யாரும் செய்யலாம். முதலில் பல ஆண்டுச் சராசரி தினமழையைக் கண்டுபிடிக்கவேண்டும். மேலே சொன்ன 1825 மி.மீ. இடத்துக்கு அது 5 மி.மீ. பிறகு வறட்சியின் நடுவிலிருந்து, சுமார் ஜூலை முதல் தேதியிலிருந்து, ஒவ்வொரு நாளும் பெய்த மழையில் 5ஐக் கழித்து, வரும் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். மழையில்லாத நாள் ஒவ்வொன்றும் கூட்டுத்தொகையை 5 இறக்கும். கோடு சரிந்துகொண்டே போய் ஒரு நாள் அடிமட்டத்தைத் தொட்டு மேலேறத் தொடங்கும். அந்த அடிமட்ட நாளுக்கு அடுத்த நாள்தான் பருவத் தொடக்கம். அதேபோல் உச்சியைத் தொடும் நாளில் பருவம் முடிகிறது.

இதன் அழகு, போலி மழையில் ஏமாறாதது. செப்டம்பர் 12இல் ஒரே நாளில் 30 மி.மீ. கொட்டுகிறது என்று வையுங்கள். கோடு 25 ஏறும். அடுத்த ஐந்து நாள் காய்ந்தால் ஏறியது முழுவதும் கரைந்து, ஆறாம் நாள் பழைய அடிமட்டத்துக்கும் கீழே போய்விடும். அந்த 30 மி.மீ. தொடக்கமாகக் கணக்கில் வராது. அதை நம்பி விதைத்தவருக்கோ முளைத்தது கருகும். இப்படி இடையில் வந்து காய்ச்சும் வறட்சிக்கு பிரேசிலில் 'வெரானிக்கு' என்று பெயர். குட்டிக் கோடை என்று சொல்லலாம்.

குறைகளும் உண்டு. பருவம் முடிந்து ஆண்டுக் கோடு முழுவதையும் பார்த்த பிறகே தேதி உறுதியாகும். அன்றாட முன்னறிவிப்புக்கு இது உதவாது. ஐந்து நாள் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும் வேறு முறையும் இருக்கிறது. முறைக்கு முறை தேதி மாறும், சில இடங்களில் வாரக்கணக்கில். ஆகவே ஒரு ஆய்வின் தேதியை இன்னொரு ஆய்வின் தேதியோடு ஒப்பிடக்கூடாது. ஒரே முறையில் கணக்கிட்ட பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும்தான் ஒப்பிடவேண்டும். மழைமானிகள் ஆற்றங்கரை ஊர்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் குவிந்திருக்கின்றன. அகன்ற ஆற்றின் மேல் பகலில் மேகம் கட்டுவது குறைவு என்பதால் கரையோர மானி சற்றுக் குறைத்தே காட்டலாம். செயற்கைக்கோள் தரவு இந்த இடைவெளியை நிரப்புகிறது. ஆனால் 1970களின் கடைசிக்கு முன் போக முடியாது.

மழையை அழைக்கும் காடு

தென் அமேசானில் ஒரு புதிர் நெடுநாள் இருந்தது. வெப்பமண்டல மழைப்பட்டை சூரியனைப் பின்தொடர்ந்து தெற்கே இறங்கி இந்தப் பகுதியை அடைவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே இங்கு மழை தொடங்கிவிடுகிறது. கடல் காற்று இன்னும் ஈரத்தைக் கொண்டுவரவில்லை. அப்படியானால் முதல் மேகத்துக்கு நீர் எங்கிருந்து?

விடை நீரின் எடையில் இருக்கிறது. தண்ணீரில் மிகச் சிறு பங்கு கனமான ஹைட்ரஜனை, அதாவது டியூட்டீரியத்தைக் கொண்டது. கடல் ஆவியாகும்போது இலேசான நீர் முந்திக்கொண்டு மேலே போகும், கனமானது பின்தங்கும். மரமோ வேரால் உறிஞ்சியதை அப்படியே இலை வழியாக வெளியிடுகிறது. வடிகட்டல் ஏதும் இல்லை. ஆகவே காட்டு நீராவி கடல் நீராவியைவிடக் கனமானது. 2017இல் ரைட், ஃபூ முதலியோர் நாசாவின் ஆரா செயற்கைக்கோள் பதிவுகளைப் பார்த்தபோது, வறட்சி முடியும் தறுவாயில் தென் அமேசான் வானில் கனமான நீராவி கூடுவது தெரிந்தது. மழையைத் தொடங்கிவைக்கும் ஈரம் காட்டிலிருந்தே வருகிறது.

இதற்கு முன்னோடி எனேயாஸ் சலாட்டி. 1970களில் கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கி மழைநீர் மாதிரிகளைச் சேகரித்து, அதிலுள்ள ஆக்சிஜனின் கன வகையை அளந்தார் இந்த பிரேசில் அறிஞர். மேகம் உள்ளே போகப்போகக் கனமான நீரை முதலில் கொட்டிவிட்டு இலேசாகிக்கொண்டே போகவேண்டும். அளந்து பார்த்ததில் அந்த இறக்கம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. பெய்த நீரைக் காடு திரும்பத் திரும்ப வானுக்கு அனுப்புகிறது, அமேசானின் மழையில் ஏறத்தாழப் பாதி காடே தருவது என்று 1979இல் அவர் குழு எழுதியது.

ஆகஸ்டில் நடப்பதை வரிசையாகப் பார்ப்போம். மேகம் இல்லாததால் வெயில் நிறைய. மரங்கள் பழைய இலையை உதிர்த்துப் புதுத் தளிர் விடுகின்றன. புது இலை கூடுதலாக நீராவி விடும். மேல்மண் காய்ந்திருந்தாலும் வேர் ஆழத்தில் இருக்கிறது. பாரா மாநிலத்தின் பாரகோமினாஸ் அருகே டேனியல் நெப்ஸ்டட் குழு குழி தோண்டிப் பார்த்தபோது 18 மீட்டர் ஆழத்திலும் வேர் கிடைத்தது; ஐந்து மாத வறட்சியிலும் 8 மீட்டருக்குக் கீழிருந்து காடு நீர் எடுப்பதை 1994இல் காட்டினார்கள். இப்படி ஏறும் நீராவி முதலில் தாழ்ந்த சிறு மேகங்களாகிறது. அவை மழை தராவிட்டாலும் ஈரத்தை நடு வானுக்கு ஏற்றிவிடுகின்றன. நடு வானம் ஈரமானதும் அடுத்து எழும் மேகம் வறண்ட காற்றில் கரையாமல் உயரமாக வளர்கிறது. அங்கே நீராவி நீராகும்போது வெளிவரும் வெப்பம் காற்றை மேலிழுத்து, கீழே அழுத்தத்தைக் குறைத்து, அட்லாண்டிக்கின் ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அதன் பிறகு பருவம் தன்னால் ஓடும். காடு செய்வது பம்புக்கு முதலில் ஊற்றும் ஒரு குடம் தண்ணீரைப் போன்றது.

ஒரு பெரிய மரம் நாளுக்கு 1000 லிட்டர் நீரை வானுக்கு அனுப்புகிறது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். மிகையாகத் தோன்றும்; கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் அகலம் விரிந்த மரத்தலையின் பரப்பு 314 சதுர மீட்டர். காட்டின் ஆவியாக்கம் நாளுக்கு மூன்றரை மி.மீ. என்றால், ஒரு சதுர மீட்டருக்கு மூன்றரை லிட்டர். பெருக்கினால் 1100 லிட்டர். சரிதான், ஆனால் அவ்வளவு விரிந்த மரத்துக்கு மட்டும்.

இப்போது அந்த இடத்தில் புல் இருக்கட்டும். மேய்ச்சல் புல்லின் வேர் ஆழம் போகாது, ஆகஸ்டில் மஞ்சளாகிவிடும். சோயா வயலோ அந்த மாதத்தில் வெறும் தரை. துரு என்னும் பூஞ்சை நோயைத் தடுக்க ஜூன் முற்பகுதியிலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை மாட்டோ குரோசோவில் ஒரு சோயாச் செடிகூட உயிரோடு நிற்கக்கூடாது என்பது சட்டம். பயிருக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் வானத்துக்கு நீராவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் நிலம் கொடுப்பது ஏதுமில்லை. ஜனவரியில் சோயா வயலும் பச்சையாகத்தான் இருக்கும், காட்டுக்குச் சற்றே குறைவாக நீராவி விடும். காட்டழிவின் விலை ஆண்டு முழுவதும் சமமாக விழாமல் பருவத்தின் வாசலில் விழுவது இதனால்தான்.

காங்கோவிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட பருவம் 1988க்குப் பின் நீண்டிருப்பதைச் செயற்கைக்கோள் பதிவுகள் காட்டுகின்றன. நமக்கு நெருக்கமான சேதி ஒன்று: தென்மேற்குப் பருவத்தில் தமிழகத்துக்கு வந்து சேரும் ஈரத்தில் கணிசமான பங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் விடும் நீராவி என்று 2018இல் ஐஐடி மும்பை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மழை குறைந்த ஆண்டுகளில் அந்தப் பங்கு கூடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் மழைமறைவுப் பகுதி என்று பாடநூலில் படித்ததோடு இதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

எவ்வளவு வெட்டினால் எவ்வளவு தாமதம்?

ரோண்டோனியாவில் பிஆர்-364 நெடுஞ்சாலையும் அதிலிருந்து மீன்முள்போலப் பிரியும் கிளைச்சாலைகளும் காட்டைத் தின்ற விதம் செயற்கைக்கோள் படங்களில் பிரசித்தம். அந்தச் சாலையை ஒட்டி அதிகம் வெட்டப்பட்ட பகுதிகளில் மழைத் தொடக்கம் மூன்று பத்தாண்டில் சராசரி 11 நாள், அதிகபட்சம் 18 நாள் தள்ளிப்போனதை 2011இல் ஓர் ஆய்வு மானிப் பதிவுகளிலிருந்து காட்டியது. காடு மிஞ்சியிருந்த பகுதி மானிகளில் அப்படி நகர்வு தெரியவில்லை.

ஆனால் வெட்டிய உடனே மழை குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. சிறு சிறு துண்டாக வெட்டினால் சூடான வெளியும் குளிர்ந்த காடும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் காற்று சுழன்று, வெட்டிய இடத்தின் மேல் மேகம் கூடுதலாகவே கட்டும். பண்ணைக்காரர் 'காட்டை வெட்டினோம், மழை கூடத்தான் செய்தது' என்று சொன்னால் அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. வெட்டு பல பத்து கிலோமீட்டருக்கு அகலும்போது நிலைமை மாறுகிறது. காட்டின் கரடுமுரடான தலை தடுக்காததால் காற்று வழுக்கிக்கொண்டு ஓடி, அடுத்த முனையில் போய்த் தடுக்கி மேலெழுகிறது. ரோண்டோனியாவில் காற்று நுழையும் தென்கிழக்கு வறண்டு, காற்று போகும் வடமேற்கு நனைவதை 2017இல் ஜயா கன்னா குழு பதிவு செய்தது. லைட்டே-ஃபில்யோவும் மற்றவர்களும் 2021இல் தந்த எண் இன்னும் தெளிவு: தென் அமேசானை 28 கி.மீ. கட்டங்களாகப் பிரித்தால், கட்டத்தில் காடு 55 முதல் 60 சதவீதம் அழியும் வரை மழை தாக்குப்பிடிக்கிறது. அதைத் தாண்டியதும் சரிகிறது. கட்டம் பெரிதானால் இந்தத் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது.

காட்டை எரிக்கும் புகைக்கும் பங்குண்டு. வறட்சியின் கடைசி வாரங்களில்தான் எரிப்பு உச்சம். புகைத்துகள் ஒவ்வொன்றையும் சுற்றி நீர் ஒட்டுவதால் மேகத்தில் துளிகள் எண்ணிக்கையில் பெருகி அளவில் சிறுக்கின்றன. சிறு துளி விழாது. மேகம் இருக்கும், மழை இராது.

கடலை விட்டுவிட்டுப் பேசுவதும் நேர்மையில்லை. வெப்பமண்டல வட அட்லாண்டிக் சூடானால் மழைப்பட்டை வடக்கே இழுபடும். 2005, 2010 வறட்சிகள் அப்படி. 2015-16இல் பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ. 2023இல் இரண்டும் சேர்ந்தன. தெற்கிலிருந்து ஏறிவந்து மழையைத் தூண்டும் குளிர்க்காற்று முனைகளும் இப்போது முன்போல எட்டுவதில்லை. காட்டழிவின் பங்கு எவ்வளவு, உலக வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த 2025 ஆய்வு ஒன்று, 1985 முதல் 35 ஆண்டில் பிரேசில் அமேசானின் வறண்ட பருவ மழை ஏறத்தாழ 21 மி.மீ. குறைந்ததில் முக்கால் பங்கை, 74 சதவீதத்தை, காட்டழிவின் கணக்கில் எழுதியது. வெப்ப உயர்விலோ காட்டழிவின் பங்கு சுமார் ஆறில் ஒன்றுதான். மீதி உலகம் முழுவதும் எரித்த எரிபொருளுக்குரியது.

வடக்கே கதை வேறு. அங்கே மழைக்காலம் கனத்திருக்கிறது. மனாவுஸ் துறைமுகத்தில் நீக்ரோ ஆற்றின் மட்டத்தை 1902 முதல் குறித்து வருகிறார்கள். 2021 ஜூனில் அது 30.02 மீட்டரைத் தொட்டது, அதுவரை காணாத உயரம். 2023 அக்டோபரில் 12.70, அதுவரை காணாத தாழ்வு. மறு அக்டோபரில் அதையும் உடைத்து 12.11. மூன்றே கால் ஆண்டில் ஆறு மாடி உயரத்துக்கு ஏற்ற இறக்கம். 2023 செப்டம்பரில் டெஃபே ஏரியின் நீர் 39 டிகிரியைத் தாண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் செத்து மிதந்தன. அக்டோபர் தொடக்கத்தில் மடெய்ராவில் நீர்வரத்து போதாமல் சாந்து அந்தோனியோ நீர்மின் நிலையத்தை நிறுத்திவைத்தார்கள்.

காட்டிலேயே வாழ்வோருக்கு அடி தாமதமாக வந்து சேரும். பிரேசில் கொட்டையின் காய் முற்றப் பதினைந்து மாதம் ஆகும். 2015-16 வறட்சியில் பூவும் பிஞ்சும் வாடியதன் விளைவு 2017 அறுவடையில்தான் தெரிந்தது. சேகரிப்பவர்கள் காட்டுக்குள் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள், உலகச் சந்தையில் விலை ஏறியது.

வயலில் நெருக்கடி உடனே தெரியும். மாட்டோ குரோசோவில் ஒரே மழைக்காலத்தில் இரண்டு பயிர். செப்டம்பர் பின்பாதி, அக்டோபரில் சோயா. 100 முதல் 110 நாளில் முதிரும் ரகம். ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை இயந்திரம் முன்னால் போக, விதைப்பு இயந்திரம் அதே வயலில் பின்னாலேயே மக்காச்சோளம் விதைத்துக்கொண்டு வரும். இந்த இரண்டாம் போகத்துக்கு 'சஃப்ரீஞ்யா', சின்ன அறுவடை என்று பெயர். பெயர்தான் சின்னது, பிரேசிலின் மக்காச்சோளத்தில் முக்கால் பங்கு இப்போது இதில்தான் விளைகிறது. பிப்ரவரி கடைசிக்குள் விதை மண்ணில் இருக்கவேண்டும். அப்போதுதான் ஏப்ரலில் மழை அடங்குமுன் கதிர் பால் பிடிக்கும். சோயா பத்து நாள் பிந்தினால் மக்காச்சோளமும் பத்து நாள் பிந்தும், பால் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றிருக்கும். முன்கூட்டியே புழுதியில் விதைத்துத் தப்பிக்கலாமென்றால் போலி மழை ஒன்று முளைக்கவைத்துக் கருக்கிவிடும். மறுவிதைப்புக்கு விதைச்செலவு இரட்டிப்பு. குறைந்த நாள் ரகத்துக்கு மாறினால் காய் குறையும்.

எந்த ஊரில், எந்த மண்ணில், எந்த ரகத்தை எந்தப் பத்து நாளில் விதைக்கலாம் என்று அரசு அட்டவணை போட்டிருக்கிறது. அந்தந்தக் கட்டத்துக்குப் பயிர் இழப்பு வாய்ப்பு 20, 30, 40 சதவீதம் என்று குறித்திருக்கும். அதற்கு வெளியே விதைத்தால் பயிர்க் காப்பீடும் அரசு சலுகைக் கடனும் சிக்கலாகும். அட்டவணை பல ஆண்டு மழைப் பதிவின் மேல் கட்டியது. மழை பத்து நாள் தள்ளிப்போனால் அதில் ஒரு கட்டம் கையைவிட்டுப் போகிறது: சோயாவுக்குத் தொடக்கத்தில் ஒன்று, அதே கணக்கில் மக்காச்சோளத்துக்குக் கடைசியில் ஒன்று.